புசான்: இரண்டு நாளுக்கு எல்லோரும் வரும் ஊர்

சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, ஞாயிறு மாலை ரயிலில் ஏறிவிடும் நண்பர் கூட்டங்களால் தென் கொரியாவின் இரண்டாவது பெரிய நகரம் வாரக்கடைசியில் களைகட்டுகிறது. அந்த ஊரின் பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்புவதும் அதே ரயிலில்தான். ஒரு கடற்கரை நகரத்தின் இரட்டை வாழ்க்கை பற்றிய நேரடி ரிப்போர்ட்.

காலை பத்தரை மணி. புசான் ரயில் நிலையத்துக்கு எதிரே, சோர்யாங் பகுதியின் குறுக்குத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் சக்கரப் பெட்டிகள் மட்டும் சுவரோரம் வரிசை கட்டி நிற்கின்றன. பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் உள்ளே. கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்கிறது. பெரிய அண்டாவில் பன்றி எலும்பு ராத்திரி முழுக்கக் கொதித்து, சாறு பால் நிறத்துக்கு வந்திருக்கிறது. கறுப்பு மண்சட்டியில் அதை ஊற்றி, அடியில் சோறு, மேலே மெல்லிசாக நறுக்கிய இறைச்சி. சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டே மேசைக்கு வருகிறது. இதுதான் தேஜி குக்பாப். ஆட்டுக்கால் பாயாவில் சோற்றைப் போட்டு ஊறவைத்தால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படி. உப்பு போடுவதில்லை. உப்பில் ஊறிய பொடி இறாலை ஒரு கரண்டி கலந்துகொள்ள வேண்டும். காரம் பிசறிய பூண்டுக்கீரையை ஒரு கைப்பிடி அள்ளி மேலே போடுவது புசான்காரர்களின் வழக்கம். சட்டி பத்தாயிரம் வொன் அளவில், நம் காசுக்கு அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

எங்களுக்கு இடது மேசையில் சியோலிலிருந்து வந்த நான்கு பெண்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு சட்டிகளையும் ஒன்றாக நகர்த்திப் படம் எடுத்து, அதற்குப் பிறகுதான் கரண்டியைத் தொட்டார்கள். வலது மேசையில் மூன்று பெரியவர்கள். எழுபதைத் தாண்டியிருப்பார்கள். காலை பத்தரைக்கே பச்சை பாட்டில் சோஜு மது திறந்தாகிவிட்டது. இரண்டு மேசைக்கும் நடுவில் நாற்பது வயதுக்காரர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பரிமாறிய அம்மாவுக்கே அறுபது இருக்கும்.

இருபதும் எழுபதும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சாற்றைக் குடிக்கும் இந்தக் காட்சியைப் புசானில் போகிற இடமெல்லாம் பார்க்கலாம். சுற்றுலா விளம்பரங்களில் பாதிதான் வரும்.

ஒரே ஆண்டில் வந்த ரயிலும் லீவும்

என்னோடு மூன்று பேர், எல்லோரும் கல்லூரி நண்பர்கள். ஒருவன் தேஜோன் நகரத்தில் ஆராய்ச்சியாளன். இன்னொருவன் சுவோனில் வேலை பார்க்கிறான். மூன்றாமவள் சென்னையிலிருந்து என்னோடு வந்தவள், சுத்த சைவம். அவள் அந்தக் கடையில் வெறும் சோறும் முள்ளங்கியும் சாப்பிட்டதைப் பற்றி இங்கே விரிவாக எழுதினால் கோபித்துக்கொள்வாள்.

கொரியாவில் நண்பர்களோடு இரண்டு நாள் கடற்கரைக்குப் போவதென்பது கிட்டத்தட்ட ஒரு தேசியப் பழக்கம். அதற்கென்று சட்டதிட்டங்கள்கூட உண்டு. கிளம்புவதற்கு முன்பே ஒருவரைச் 'சோங்மு'வாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, நியமித்துவிடுகிறார்கள். எல்லோரும் அவர் கணக்குக்குச் சமமாகப் பணம் அனுப்ப வேண்டும். அறை, சாப்பாடு, டாக்ஸி எல்லாம் அவர் அட்டையிலிருந்தே போகும். தீர்ந்தால் மறுபடி வசூல். பில் வந்ததும் "நான் குடுக்கிறேன், நீ வை" என்று நாம் போடும் மல்யுத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. பல கடைகளில் சுட்ட சிப்பியோ இறைச்சியோ இரண்டு பேருக்குக் குறையாமல்தான் தருவார்கள் என்பதால், தனியாகப் போகிறவர் பட்டினி கிடக்காவிட்டாலும் பாதி மெனுவை மறந்துவிட வேண்டும். போகிற ஊரிலெல்லாம் நான்கு கட்டமாகப் படம் எடுத்துத் தரும் சின்ன போட்டோக் கூண்டுக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பது கட்டாயச் சடங்கு.

இந்தப் பழக்கத்துக்குப் பிறந்த வருடம் சொல்லச் சொன்னால், நான் 2004 என்பேன். அந்த ஏப்ரலில்தான் சியோல் புசான் இடையே கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜூலையில் பெரிய நிறுவனங்களில் ஐந்து நாள் வேலை வாரம் அமலானது. அதுவரை சனிக்கிழமை அரை நாள் வேலை. ஆண்டுக்கு ஒரு முறை, ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும், நாடே ஒன்றாகக் கோடை லீவு எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். அதற்குப் பிறகும், 2008 ஆகஸ்டில், புசானின் ஹேயுண்டே கடற்கரையில் ஒரே நேரத்தில் விரிக்கப்பட்ட 7,937 குடைகள் கின்னஸ் சாதனையாகின. வருடத்துக்கு ஒரு தடவை வந்த அந்தக் கூட்டம், கையில் இரண்டு முழு நாளும் இரண்டரை மணி நேர ரயிலும் கிடைத்ததும் வாராவாரம் வர ஆரம்பித்தது.

ஹேயுண்டேவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் மணல், பின்னால் கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றில் ஒன்று 411 மீட்டர் உயரம். பழைய ரயில் பாதையில் கடலைப் பார்த்தபடி மெதுவாக நகரும் வண்ணப் பெட்டிகள். அழகுதான். ஒரு மணி நேரம் போதும்.

■ பெட்டிச் செய்தி: எண்களில் புசான்

• சியோலிலிருந்து கேடிஎக்ஸ் சாதாரண வகுப்பு: 59,800 வொன், சுமார் 3,700 ரூபாய். நேரம் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ.
• 2024-ல் புசானுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள்: சுமார் 29 லட்சம்.
• மக்கள்தொகை: 1990களின் மத்தியில் சுமார் 39 லட்சம், 2023 முடியும்போது 33 லட்சத்துக்கும் கீழே.
• 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள்: 0.66. நாட்டின் சராசரியே 0.72தான்.
• 65 வயதைத் தாண்டியவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற நிலையைக் கொரியாவின் பெருநகரங்களில் முதலில் தொட்டது புசான், 2021-ல்.

கல்லறை மேல் வீடு

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. வட கொரியப் படை இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட நாடு முழுவதையும் பிடித்துவிட்டது. பிடிக்க முடியாமல் மிஞ்சியது தென்கிழக்கு மூலைதான். அந்த மூலையின் துறைமுகம் புசான். போர் நடந்த காலத்தில் பெரும்பாலும் அதுவே தற்காலிகத் தலைநகர். லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். சமதளத்தில் இடமில்லை என்றதும் மலை ஏறினார்கள். இன்று புசானில் சுற்றுலாப் பயணி ரசிக்கும் எல்லாவற்றிலும் அந்த மூன்று வருடம் ஒளிந்திருக்கிறது. மில்மியோன் என்கிற சில்லென்ற நூடுல்ஸ், வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பலகாரத்துக்கு மாவு கிடைக்காமல் அமெரிக்க நிவாரணக் கோதுமையில் செய்து பார்த்தது. குக்பாப்பும் அந்தப் பஞ்ச காலத்தில்தான் ஊருக்கே பொதுவான சாப்பாடாகப் பரவியது.

ஆமி தோங் என்ற மலைச்சரிவில் அகதிகளுக்குக் கிடைத்தது ஒரு மயானம். காலனி ஆட்சிக் காலத்து ஜப்பானியர்களைப் புதைத்த இடம். கல்லறை மேடைகளை அடித்தளமாக்கி மேலே சுவர் எழுப்பினார்கள். பெயர் பொறித்த நடுகற்களைப் படிக்கட்டாகப் போட்டார்கள். இன்றும் அங்கே நடந்தால் ஒரு வீட்டின் வாசல்படியில், கேஸ் சிலிண்டருக்கு அடியில், ஜப்பானிய எழுத்துத் தெரிகிறது. பக்கத்திலேயே மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எங்களைத் தவிர அந்தச் சனிக்கிழமை அங்கே வேறு வெளியாட்கள் இருவர்தான்.

முகட்டைத் தாண்டி இறங்கினால் கூட்டம் அலைமோதுகிறது. அது கம்ச்சோன்.

■ பெட்டிச் செய்தி: ராணியும் ரங்கராஜும்

புசான் விமான நிலையத்தின் பெயர் கிம்ஹே. பக்கத்து ஊரின் பெயர் அது. 'அயுதா' என்ற நாட்டிலிருந்து கடல் வழியாக வந்து கிம்ஹே மன்னனை மணந்த ராணியின் கதை 13-ம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா' நூலில் இருக்கிறது. அந்த அயுதா அயோத்திதான் என்று ஒரு கட்சி. குமரிப் பக்கம் என்று நம் யூடியூப் கட்சி. இரண்டுக்கும் உறுதியான சான்று கிடையாது.

சான்றோடு இருப்பவரை நாம் மறந்துவிட்டோம். 1950 நவம்பர் 20 அன்று புசான் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்திய ராணுவ மருத்துவப் பிரிவான 60-வது பாராசூட் கள மருத்துவமனையின் தலைவர், தமிழகத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். சில நாட்களிலேயே அந்தப் பிரிவு வடக்கே பியோங்யாங்கில். சீனப்படை நெருங்கி, எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமில்லாமல் ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்துப் போர்முனையிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு இந்தியா மகாவீர் சக்ரா விருது அளித்தது. 2020 ஜூலையில் தென் கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் போர் நாயகராக அறிவித்தது.

குட்டி இளவரசனுக்கு முக்கால் மணி நேரக் கியூ

கம்ச்சோனும் ஏழைகளின் மலைதான். 1950களில் தேகக்தோ என்ற சமயக் குழுவினரும் அகதிகளும் குடியேறியது. முன்வீடு பின்வீட்டின் வெயிலையும் பார்வையையும் மறைக்கக் கூடாது என்று படிப்படியாகக் கட்டினார்கள். 2009-ல் அரசு உதவியோடு கலைஞர்கள் வந்து சுவருக்கும் கூரைக்கும் வண்ணம் பூசி, மூலைக்கு மூலை சிற்பம் வைத்தார்கள். ஊர் காலியாகிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. வேலை செய்ததா என்று கேட்டால், கூட்டம் சேர்க்கும் வேலையை அபாரமாகச் செய்தது. பெருந்தொற்றுக்கு முன்பே ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஊர் காலியாவது மட்டும் நிற்கவில்லை.

கம்பிவேலி மேல் உட்கார்ந்து ஊரைப் பார்க்கும் குட்டி இளவரசன் சிலையும் நரியும் இங்கே பிரசித்தம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைக் காட்டிப் படமெடுக்க, நாங்கள் போன நேரத்தில் முக்கால் மணி நேரக் கியூ. வரிசையில் நிற்கும்போது கீழே பார்த்தால் ஒரு வீட்டு மொட்டை மாடி. ஒரு பாட்டி துணி காயப்போடுகிறார். நூறு பேர் அவரையும் சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பழகிவிட்டது போலும், அல்லது வெறுத்துவிட்டது போலும்.

சந்து ஒன்றரை ஆள் அகலம். ஜன்னல் திறந்தால் தெருவே வீட்டுக்குள். சத்தம் போடாதீர்கள், இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயமாகச் சொன்னால், கம்ச்சோன் மக்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குடியிருப்போர் குழுவே சில கடைகளை நடத்துகிறது. வழிகாட்டி வரைபடத்தை விலைக்கு விற்கிறது. அந்த வருமானத்திலிருந்து ஊருக்கான வசதிகளைச் செய்துகொள்கிறார்கள். ஆனால் முதன்மைத் தெருவில் கடை வைத்திருப்பவருக்கும், நான்கு சந்து தள்ளி மாடியேறிப் போக வேண்டிய முதியவருக்கும் இந்தச் சுற்றுலா ஒன்றல்ல. ஒருவருக்கு வாடகை, இன்னொருவருக்கு வாசலில் ஐஸ்கிரீம் குச்சி. வண்ணம் பூசிய பிறகு இங்கே பொம்மைக் கடை வந்தது, கொரிய உடை வாடகைக்குத் தரும் கடை வந்தது. குழந்தையோடு ஒரு இளம் குடும்பம் குடிவர வேண்டுமென்றால் வேறென்னவோ வேண்டியிருக்கிறது. அது பெயிண்ட் டப்பாவில் இல்லை.

எங்கள் சைவத் தோழி அங்கே கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தாள். சர்க்கரையும் விதைகளும் அடைத்துப் பொரித்த 'சியாத் ஹோத்தோக்' கிடைத்ததே காரணம். "இந்த ஊர்ல வெறும் தண்ணி கேட்டாலும் நெத்திலி போட்டுக் கொதிக்க வெச்சுத்தான் குடுப்பாங்க போலிருக்குடா" என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தாள். பெரிதாக மிகைப்படுத்தவில்லை. நெத்திலிச் சாறில்லாமல் புசானில் சமையலே கிடையாது.

பாய் விரித்த இடத்தில் அபராதம்

சனிக்கிழமை இரவு என்றால் குவாங்கல்லி. வளைந்த கடற்கரை, எதிரே 2003-ல் திறந்த குவாங்கான் பாலத்தின் விளக்கு வரிசை. 2022-லிருந்து சனிக்கிழமைதோறும் நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் கடலுக்கு மேலே எழும்பிப் படம் வரைகின்றன. பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்காக மாலையிலிருந்தே மணலில் இடம் பிடிக்கிறார்கள். மேல் மாடிக் காபிக்கடை ஜன்னலோர இருக்கைக்கு மதியமே அடிதடி. முடிந்ததும் கூட்டம் அப்படியே எழுந்து ஒரே நேரத்தில் மெட்ரோவை நோக்கி நடக்கும்போது, அரை கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம்.

நான் பார்க்க விரும்பியது ட்ரோனை அல்ல. கடற்கரையின் ஒரு முனையில் இருக்கும் மில்லாக் நீரோரப் பூங்காவை. புசான் நண்பர் கூட்டங்களின் பழைய கோயில் அது. பக்கத்திலுள்ள மீன் கட்டடத்தில் உயிரோடு நீந்தும் மீனைக் காட்டி, அங்கேயே பச்சையாகச் சீவி வாங்கிக்கொண்டு, படிபோல் அமைந்த கான்கிரீட் கரையில் பாய் விரித்து உட்கார்ந்து, பாலத்தைப் பார்த்தபடி சோஜு குடிப்பது. உணவகத்தில் ஆகும் செலவில் பாதி. மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

விடிந்ததும் குப்பை. ராத்திரியெல்லாம் கூச்சல், சண்டை, ஆம்புலன்ஸ். எதிரே அடுக்குமாடிகள். குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் புகார் கொடுத்தார்கள். கடைசியில் 2023 ஜூலை 1 முதல் சுயோங் மாவட்ட நிர்வாகம் அந்தப் பூங்காவில் மது அருந்தத் தடை போட்டது. மீறினால் 50,000 வொன் அபராதம்.

பூங்கா சுத்தமானது, தூக்கமும் வந்தது. மீன் கட்டட வியாபாரிகள்தான் மாட்டிக்கொண்டார்கள். பச்சை மீன் பொட்டலமும் சோஜுவும் அங்கே ஜோடி. ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்று விற்காது. முதல் கோடையிலேயே கூட்டம் சரிந்து, வியாபாரம் படுத்துவிட்டதாக அவர்கள் கொடி பிடித்தார்கள். இசை நிகழ்ச்சி, சந்தை என்று நிர்வாகம் மாற்று வழிகளைத் தேடியது. நாங்கள் போனபோது கான்கிரீட் படியில் குடும்பங்கள் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தன. அமைதியாக, அழகாக இருந்தது. மீன் கடையில் ஒரு அம்மா எங்களைக் கையைப் பிடித்தே உள்ளே இழுத்துப் போனார். பத்து வருடம் முன்பு அவர் வாடிக்கையாளரைத் தேடி வாசலுக்கு வந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால் தூங்க முடியாதவர் பக்கம்தான். ஆனால் குடித்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். தூக்கம் கெட்டவரும் வியாபாரம் கெட்டவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் விருந்தாளி விட்டுப்போகும் சண்டை பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்குள் நடக்கும் சண்டை.

அறை வாடகையும் அப்படித்தான். 2022 அக்டோபரில் பிடிஎஸ் குழுவினர் இங்கே இலவச இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். குழுவில் ஜிமினும் ஜங்குக்கும் புசான் பையன்கள். நிகழ்ச்சியே 2030 உலகக் கண்காட்சியைப் புசானுக்குக் கொண்டுவருவதற்கான பிரசாரம். தேதி அறிவித்ததும் தங்கும் விடுதிகள் சில, வழக்கமான வாடகையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றின. முன்பே பதிவு செய்தவர்களின் அறைகளை ரத்து செய்துவிட்டு, கூடுதல் விலைக்கு மறுபடி விற்ற கதைகளும் வந்தன. ஊரின் பெயரை உயர்த்த வந்த நிகழ்ச்சி, ஊரின் பெயரைக் கெடுத்தது. கண்காட்சியும் வரவில்லை. 2023 நவம்பர் வாக்கெடுப்பில் ரியாத்துக்கு 119, புசானுக்கு 29.

காபித் தீவில் யார் இருக்கிறார்கள்?

ஞாயிறு காலை யோங்தோ தீவு. பாலத்தைத் தாண்டினால் போதும். 1934-ல் கட்டிய தூக்குப்பாலம் அது. போரில் பிரிந்த குடும்பங்கள், "பிழைத்திருந்தால் யோங்தோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்த இடம். 1966-ல் தூக்குவதை நிறுத்தினார்கள். புதுப்பித்து 2013-லிருந்து மறுபடி தூக்குகிறார்கள்.

தீவு கப்பல் பழுதுபார்க்கும் ஊர். கப்பலின் அடிவயிற்றில் கயிற்றில் தொங்கியபடி துருவைச் சுத்தியலால் தட்டி எடுத்த பெண்களை, அந்த ஓசையை வைத்தே 'காங்காங்கி' அம்மாக்கள் என்பார்கள். கணவனைப் போரிலோ கடலிலோ இழந்தவர்கள் பலர். காது கேட்காமல் போனவர்களும் நிறைய. அந்தப் பட்டறைகளின் பக்கத்திலேயே இன்று பெரிய பெரிய காபிக்கடைகள். 2019-ல் உலக பாரிஸ்டா பட்டத்தை வென்ற ஜோன் ஜூயோன் புசான்காரர். அவருடைய மோமோஸ் நிறுவனம் இங்கே பழைய கிடங்கு ஒன்றில் காபி வறுக்கும் கூடம் வைத்திருக்கிறது. குன்றின் விளிம்பில் இருக்கும் ஹின்யோவுல் கிராமத்தில், கடலைப் பார்த்த குடிசை வீடுகள் ஒவ்வொன்றாகக் காபிக்கடையாகிவிட்டன.

அதே தீவை 2021 அக்டோபரில் மத்திய அரசு, மக்கள்தொகை வீழும் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. புசானிலிருந்து பட்டியலில் வந்தவை மூன்று மாவட்டங்கள்: யோங்தோ, சோகு, தோங்கு. பெரும்பாலும் சுற்றுலாப் பயணி முதலில் போகும் பழைய புசான் அது. ரயில் நிலையம், நாங்கள் குக்பாப் சாப்பிட்ட தெரு, ஆமி தோங் எல்லாம் இந்த மூன்றுக்குள்தான்.

எங்களுக்கு இடங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர் தேஜோன் நண்பனின் ஆய்வகத் தோழர். யோங்தோவில் பிறந்தவர். அம்மா இன்னும் அங்கேதான். அவர் ஊருக்கு வருவது சோல்லால் புத்தாண்டுக்கும் சூசோக் பண்டிகைக்கும். "எந்தக் காபிக்கடை நல்லாருக்கும்?" என்று கேட்டதற்கு அவர் போனைத் திறந்து, இன்ஸ்டாகிராமில் தேடித்தான் சொன்னார்.

வெள்ளி மாலை நிலையத்தில் இரண்டு கூட்டம்

ஊரின் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? சுருக்கமாகச் சொன்னால், காலணி போனது. 1970களிலும் 80களிலும் உலகப் பிராண்டுகளுக்குக் காலணி தைத்த ஊர் புசான். கிராமத்திலிருந்து வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆலைகளில் இருந்தார்கள். கூலி உயர்ந்ததும் 90களில் வேலை சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் வியட்நாமுக்கும் நகர்ந்தது. 2025-ல் தமிழகத்துக்கா ஆந்திராவுக்கா என்று நம் அரசியல் மேடைகளில் அடிபட்டதே ஹ்வாசுங் காலணி நிறுவனம், அதன் வேர் இந்த ஊரில்தான். காலணி போன இடத்தைக் கணினி, உயிர்த்தொழில்நுட்பம் மாதிரி எதுவும் பெரிதாக நிரப்பவில்லை. அதெல்லாம் சியோலைச் சுற்றியே வளர்ந்தது. துறைமுகம் உலகின் முதல் பத்து சரக்குப் பெட்டகத் துறைமுகங்களில் ஒன்றாக இன்னும் ஓடுகிறது. ஆனால் கிரேன்களுக்கு ஆள் நிறையத் தேவைப்படுவதில்லை.

ரயில் வந்தபோது, சியோல் இனி பக்கம், ஊர் வளரும் என்றார்கள். பக்கமாகியது உண்மை. பெரிய மருத்துவமனைக்குச் சியோல், நல்ல வேலை நேர்காணலுக்குச் சியோல், கல்யாண ஷாப்பிங்குக்கும் சியோல். கொரியர்கள் இதை 'உறிஞ்சுகுழல் விளைவு' என்கிறார்கள். 2024-ல் தென் கொரிய வேலைவாய்ப்புத் தகவல் நிறுவனம், பெருநகரங்களில் முதன்முறையாகப் புசானை 'அழியும் ஆபத்து' நிலைக்குள் சேர்த்தது. இருபது முதல் முப்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களையும் முதியவர்களையும் ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. உள்ளூர் இளைஞர்கள் தங்கள் ஊரை ஹெமிங்வேயின் நாவல் பெயரால் கிண்டல் செய்கிறார்கள்: கிழவனும் கடலும்.

சுற்றுலா இதற்கு மருந்தாகுமா? மாநகராட்சி அப்படி நம்புவதுபோல்தான் செலவு செய்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை இரவு கடையில் பரிமாறுவது மாணவனுக்குப் பகுதிநேர வேலை. அவன் பட்டம் வாங்கியதும் சட்டையை மாற்றிக்கொண்டு ரயில் ஏறுவான். காபிக்கடை வருமானத்தில் ஒரு ஊர் கலகலப்பாகலாம். அதை வைத்து முப்பது வயதில் வீட்டுக் கடன் வாங்குவது வேறு விஷயம்.

அதனால்தான் ஊர் இன்னொரு வழியிலும் முயல்கிறது: அலுவலகங்களையே இங்கே நகர்த்துவது. பங்குச்சந்தையின் தலைமையகம் 2005-லேயே வந்தது. 2014-ல் முன்ஹியோன் பகுதியில் 63 மாடி நிதி மையம் எழும்பி, அரசு நிதி நிறுவனங்கள் பல குடியேறின. வேலை வந்தது, குடும்பம் பல பேருக்குச் சியோலிலேயே தங்கிவிட்டது. வெள்ளி மாலை புசான் நிலையத்தில் நின்றால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று சக்கரப் பெட்டியோடு இறங்குகிறது. இன்னொன்று கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஏறுகிறது.

2025 டிசம்பரில் அடுத்த பரீட்சை வந்தது. கடல்வள, மீன்வள அமைச்சகமே செஜோங் நகரத்திலிருந்து புசானின் தோங்கு மாவட்டத்துக்கு, ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, மாறியது. ஜனாதிபதி லீ ஜேமியோங்கின் தேர்தல் வாக்குறுதி. சில நூறு ஊழியர்கள். இந்தத் தடவை குடும்பத்தோடு வரட்டும் என்று மாநகராட்சி வீட்டு வசதியும் குடியேற்ற உதவித்தொகையும் அறிவித்திருக்கிறது. மக்கள்தொகை வீழும் மாவட்டத்தின் பள்ளிக்கூடங்களில் எத்தனை புதிய பெயர்கள் ஏறுகின்றன என்பதை வைத்து அந்தப் பரீட்சையின் மதிப்பெண் தெரியும்.

■ பெட்டிச் செய்தி: போக நினைப்பவர்களுக்கு

• இந்தியர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், பாங்காக் வழியாக நேரே புசானிலேயே இறங்கலாம். சியோல் போய்த்தான் வர வேண்டும் என்றில்லை.
• ரயில் டிக்கெட் ஒரு மாதம் முன்பே திறக்கும். ஞாயிறு மாலை ரயில்களை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் அறையைப் பாருங்கள்.
• நடந்து போக வழி காட்டுவதில் கூகுள் மேப்பை நம்ப வேண்டாம். நாவர் மேப் போட்டுக்கொள்ளுங்கள்.
• மே, அக்டோபர் இதமானவை. ஜூலையில் மழை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம்வரை புயல் வரக்கூடும். 2016-ல் சாபா புயல் ஹேயுண்டேவின் அடுக்குமாடித் தெருக்களுக்குள் கடலையே கொண்டுவந்தது.
• ஜகல்ச்சி மீன் சந்தையில் கீழே மீன் வாங்கி மேலே சாப்பிட்டால், உட்காரவும் சமைக்கவும் தனிக் கட்டணம் உண்டு. மீனை எடை போடும் முன்பே எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை கேட்டுவிடுங்கள்.
• சைவக்காரர்கள் கையோடு ஊறுகாய் கொண்டுபோவது உத்தமம்.